பழைய கணினிகளைக் காக்கப் பொதுக் காப்பறை ஒன்று வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பத்திரண்டு ஆண்டுகள் கணினிப் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். சென்னை திருவான்மியூரில் வசிக்கிறேன். அலுவலகங்களும் பள்ளிகளும் வேண்டாம் என்று ஒதுக்கிய கணினிகளை, காயலான் கடைக்குப் போகும் முன் கேட்டு வாங்கி வந்து சேர்த்ததில், இன்று என்னிடம் நாற்பத்து மூன்று கணினிகளும் பதினெட்டு மானிட்டர்களும் ஃபிளாப்பி என்னும் பழைய காந்தத் தகவல் வட்டுகள் ஆயிரத்துக்கும் மேலாகவும் இருக்கின்றன. இவற்றைச் சேர்ப்பது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. கெடாமல் வைத்துக் காப்பதுதான் என் சக்திக்கு மீறிய வேலையாகிவிட்டது. வீட்டளவில் சேர்த்து வைத்திருக்கும், நான் அறிந்த மற்றவர்களும் இதே நிலையில் இருப்பதால், இதைப் பொதுவில் பேச வேண்டிய செய்தியாகக் கருதித் தங்கள் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

கடந்த ஆடி மாதம் பரணில் இருந்து 386 வகைக் கணினி ஒன்றைக் கீழே இறக்கினேன். 1990-களின் தொடக்கத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் ஓடியது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நன்றாக இயங்கிக்கொண்டிருந்த நிலையில், துடைத்து, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி மேலே ஏற்றிவைத்தேன். மூடியைக் கழற்றியபோது, கீபோர்டு செருகும் துளைக்குப் பக்கத்தில் மதர்போர்டு என்னும் முதன்மை மின்சுற்றுப் பலகை முழுக்கப் பச்சையும் நீலமுமாகப் பூத்துக்கிடந்தது. கணினி அணைந்திருக்கும்போதும் தேதியையும் நேரத்தையும் நினைவில் வைப்பதற்காக அந்தக் காலத்து மதர்போர்டுகளில் விரல் பருமனுள்ள 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். அதன் உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம். அது கசிந்து, செம்பைத் தின்று, ஈயப் பற்றவைப்புகளையெல்லாம் பளபளப்பு இழந்த சாம்பலாக்கியிருந்தது. விரல் நுனியால் தொட்டதற்கே ஐ.சி. என்னும் மின்னணுச் சில்லு ஒன்றின் நான்கு கால்கள் உதிர்ந்து கையோடு வந்தன.

காரத்தை முறிக்க வினிகர் தோய்த்த பஞ்சு, பிறகு வாலைவடிநீர், அதன்பின் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கும் பிரஷும் என்று இரண்டு நாள் அந்தப் பலகையோடு உட்கார்ந்திருந்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது மயிரிழை போன்ற செப்புத் தடங்கள் பதினொன்று அறுந்திருந்தன. அவற்றில் ஏழு தடங்களை மெல்லிய கம்பியால் இணைத்துவிட்டேன். மற்ற நான்கும் பலகையின் உள்ளடுக்குக்குள் போயிருந்ததால் கை எட்டவில்லை. அந்தக் கணினி இனி இயங்காது. பரணில் ஏற்றிய அன்றே ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தப் பேட்டரியை வெட்டி எடுத்திருந்தால் இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கும். தொழில் தெரிந்த என் வீட்டிலேயே இப்படி நடந்தது என்றால், தொழில் தெரியாதவர் வீட்டுப் பரண்களில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

பயன்படுத்தாமல் மூடிவைத்தால் தேயாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. தையல் மெஷினுக்கும் அம்மிக்கும் அது பொருந்தும், கணினிக்குப் பொருந்தாது. பவர் சப்ளையில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களின் உள்ளே அலுமினியத் தகட்டின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம், மின்சாரமே பாயாத ஆண்டுகளில் மெல்ல நலிந்துபோகிறது. இருபது ஆண்டு தூங்கிய ஒரு கணினிக்குத் திடீரென்று 230 வோல்ட்டையும் கொடுத்தால், அந்தக் கெபாசிட்டர் சூடேறிப் புடைத்துவிடும். மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக நுழைவாயிலிலேயே வைத்திருக்கும் காகித வகைக் கெபாசிட்டர்களில் சில இன்னும் மோசமானவை. அவற்றின் ஒளி புகும் மஞ்சள் ஓட்டில் வயதாக ஆக நுண்ணிய விரிசல் விடும், விரிசல் வழியே உள்ளிருக்கும் காகிதம் ஈரத்தை உறிஞ்சும், பிளக்கைச் செருகிய சில நிமிடங்களில் அது வெடித்து அறை முழுவதும் நெடியும் புகையும் நிறைந்துவிடும். ஆகவே எந்தப் பழைய கணினியையும் நேராகச் செருகிப் பார்க்கக் கூடாது. ரேடியோ மெக்கானிக்குகள் எல்லோரிடமும் இருக்கும், குண்டு பல்பு பொருத்திய சீரீஸ் போர்டு வழியாக முதல் முறை மின்சாரம் கொடுப்பதுதான் முறை. பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று பொருள்.

சென்னையில் இதற்கெல்லாம் மேலான எதிரி காற்று. என் வீட்டில் இருந்து கடற்கரை நடந்துபோகும் தூரம். ஜன்னல் கம்பிகளுக்கு ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்க வேண்டியிருப்பதே உப்புக்காற்றின் வேகத்தைச் சொல்லும். சமையலறையில் இருக்கும் உப்பு ஜாடி ஐப்பசி, கார்த்திகையில் நீர்கோத்துக்கொள்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. அதே உப்பு, கண்ணுக்குத் தெரியாத தூசாக, ஒரு கணினியின் ஐ.சி. கால்களிலும் சாக்கெட்டுகளிலும் விரிவாக்க அட்டைகளின் விளிம்புகளிலும் படிந்திருக்கிறது. மழைக்காலம் முழுவதும் என் அறையின் ஈரப்பதமானி 80-க்குக் கீழே இறங்குவதில்லை. அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு கணினியும் உப்புநீரில் மெல்ல நனைந்துகொண்டிருக்கிறது என்பதுதான் உண்மை நிலை. தை பிறந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து, சாக்கெட்டில் இருக்கும் ஐ.சி.க்களைக் கழற்றித் துடைத்து மறுபடி அழுத்தி வைப்பது எனக்கு ஆண்டுதோறும் நடக்கும் வேலை. நாற்பத்து மூன்றையும் முடிப்பதற்குள் மாசி போய்விடும்.

ஏ.சி. போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரவில் மட்டும் ஏ.சி.யை ஓடவிட்டுக் காலையில் அணைப்பது, ஏ.சி.யே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல். குளிர்ந்துபோன இரும்புப் பெட்டியின் மேல் வெளியில் இருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக் காற்று பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல வியர்க்கும். அந்த வியர்வை வெளியே மட்டும் அன்றி உள்ளேயும் படிகிறது. குளிர்ச்சியைவிட நிலையான தட்பவெப்பமும், 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்கும் ஈரப்பதமும்தான் தேவை. இதற்காக ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றை வாங்கி ஓர் அறையில் மட்டும் ஓடவிட்டிருக்கிறேன். அடைமழை நாள்களில் அதன் தொட்டியில் இருந்து ஆறு லிட்டர் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றுகிறேன். அந்த ஓர் அறைக்கு ஆகும் மின்கட்டணமே என் ஓய்வூதியத்தில் உறைக்கும் அளவுக்கு இருக்கிறது. அந்த அறையில் இடம் இல்லாதவை நெகிழி உறையிலும் இரும்பு பீரோவிலும் சிலிகா ஜெல் துணையோடு இருக்கின்றன. நீல நிறத்தில் வைத்த சிலிகா ஜெல், மழைக்காலத்தில் பத்தே நாளில் இளஞ்சிவப்பாக மாறிவிடுகிறது. மறுபடி அடுப்பில் காய்ச்சி நீலமாக்கி வைக்க வேண்டும்.

எதைக் கொண்டு மூடுவது என்பதிலும் தவறுக்கு இடமுண்டு. செய்தித்தாள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பாலித்தீன் உறையை இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவோம். அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும் ஒரு கேடும் உண்டு. கீபோர்டின் சுருள் வயரை அதன் மேலேயே சுற்றி வைப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். அந்த வயரின் மேலுறை பி.வி.சி.; அதை வளைவதற்கு ஏற்ற மென்மையோடு வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள், பல ஆண்டுகள் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடும். அப்படி வைத்திருந்த ஒரு கீபோர்டில் வயரை மெல்ல உரித்தெடுத்தபோது, அது கிடந்த தடம் மெழுகில் அழுத்தியதுபோல் பள்ளமாகப் பதிந்திருந்தது. 'என்டர்' விசையின் மேல் இருந்த எழுத்தும் வயரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அன்றில் இருந்து எல்லா வயர்களையும் தனியே பருத்தித் துணிப் பைகளில் போட்டு, எந்தக் கணினிக்கு உரியது என்று அட்டை கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

கணினியின் வெளிக்கூடு மஞ்சளாவதைப் பற்றித்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். தீப்பிடிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் சேர்த்த புரோமின் கலவையும் வெயிலின் புற ஊதாக் கதிரும் சேர்ந்து செய்யும் வேலை அது. பார்வைக்குத்தான் குறை, ஓட்டத்துக்கு இல்லை. வெளிச்சத்தால் வரும் உண்மையான இழப்பு வேறு. எழுதப்பட்ட நிரலைத் தாங்கியிருக்கும் ஈப்ராம் சில்லுகளின் முதுகில் சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். அதன் மேல் ஒட்டிய காகிதம் பசை காய்ந்து உதிர்ந்துவிட்டால், நேர் வெயிலில் ஒரு வாரத்திலும், டியூப் லைட் வெளிச்சத்தில் சில ஆண்டுகளிலும் உள்ளிருப்பது அழிந்துபோகும். உள்நாட்டில் சிறிய எண்ணிக்கையில் தயாரான கணினிகளின் ஈப்ராமில் இருந்த நிரலுக்கு வேறு பிரதி எங்கும் கிடைக்காமல் போகலாம்.

பழைய படக்குழாய் மானிட்டர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவை கனமானவை, ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாதவை, பின்கழுத்து மெல்லிய கண்ணாடியால் ஆனவை. உள்ளே பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும் என்பதால், அணைத்த பிறகும் தெரியாதவர்கள் பின்மூடியைத் திறக்கக் கூடாது. இடம் இல்லாமையால் முதலில் தெருவுக்குப் போவதும் இவைதான். இன்று புதிதாகச் செய்யப்படாததும் இவைதான்.

இவற்றை ஏன் காக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, நம் நாட்டில் கணினி வந்த வரலாறு நூல்களில் இருப்பதைக் காட்டிலும் இந்தப் பெட்டிகளில் தெளிவாக இருக்கிறது. 1984-85 கல்வியாண்டில் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ் பள்ளிகளுக்குக் கணினி கொண்டுவந்தபோது வந்து இறங்கியது, இங்கிலாந்தின் ஏகான் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட பிபிசி மைக்ரோ. அதன் நினைவகம் வெறும் 32 கிலோபைட். அந்தத் தலைமுறை மாணவர்களில் பலர் முதன்முதலில் ஒரு நிரலை எழுதி ஓடவிட்டது அதன் கறுப்பு விசைப்பலகையில்தான். என்னிடம் இருக்கும் பிபிசி மைக்ரோவின் அடிப்பகுதியில் ஒரு பள்ளி ஆய்வகத்தின் வரிசை எண் வெள்ளை பெயின்ட்டில் எழுதப்பட்டிருக்கிறது. இடைவெளி விசை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது. எத்தனை பிள்ளைகளின் வலது கட்டை விரல் பட்டதோ தெரியவில்லை.

மற்றொன்று தமிழ் தொடர்பானது. எனக்கு உறக்கத்தைக் கெடுப்பதும் இதுவே. உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது என்றாலும், அன்றாட அச்சு வேலைக்கு அது வந்து சேர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித்தான் டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் ஏற்கப்பட்டன. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். இடைப்பட்ட காலத்தில் சிற்றிதழ்களும் பாடநூல்களும் கோயில் மலர்களும் திருமண அழைப்பிதழ்களும் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் தட்டச்சாகிச் சேர்ந்தது ஃபிளாப்பிகளில்தான். அவற்றை இன்றைய கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அன்றைய எழுத்துருவும் அன்றைய மென்பொருளும் இருந்தால் மட்டுமே அது தமிழாகத் தெரியும். அந்த மென்பொருள்களில் பலவற்றுக்கு, திருட்டுப் பிரதியைத் தடுப்பதற்காக, பிரின்டர் செருகும் 25 முள் துளையில் பொருத்தும் சிறு மின்னணுப் பூட்டு ஒன்று உண்டு. பூட்டு இல்லையேல் மென்பொருள் ஓடாது. அந்தத் துளை இல்லாத கணினியில் பூட்டைச் செருக முடியாது. ஆக, ஒரு பக்கத் தமிழைப் படிக்க ஒரு முழுக் கணினியும் இயங்கும் நிலையில் இருந்தாக வேண்டும். குறியீட்டை மாற்றித் தரும் கருவிகள் பல இருந்தாலும், அச்சகம் ஒன்று தனக்கென்று திருத்தி அமைத்துக்கொண்ட எழுத்துரு என்றால் அவையும் கைவிட்டுவிடுகின்றன.

ஃபிளாப்பிகளோ நாளுக்கு நாள் இறந்துகொண்டிருக்கின்றன. 360 கிலோபைட் கொண்ட ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியின் உறையில் 10 முதல் 52 டிகிரி செல்சியஸ் வரை என்று அச்சிட்டிருப்பார்கள். கத்திரி வெயிலில் தகரக் கூரை போட்ட மொட்டை மாடி அறை அந்த எல்லையைத் தொட்டுவிடும். வெப்பம் ஒருபுறம் என்றால் பூஞ்சை மறுபுறம். வட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பழுப்பு நிற மேற்பரப்பில் வெள்ளைப் பஞ்சு இழைபோலப் பூத்திருப்பது தெரியும். அதை அப்படியே டிரைவில் போட்டால் பூஞ்சை டிரைவின் படிக்கும் தலையில் ஒட்டி, அந்தத் தலை வட்டைக் கீறி, அடுத்துப் போடும் நல்ல வட்டையும் கெடுத்துவிடும். உறையின் ஓரத்தை வெட்டி வட்டை வெளியே எடுத்து, ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, உலரவிட்டு, வேறோர் உறையில் போட்டு, கிரீஸ்வீசல் போன்ற சிறு பலகையின் துணையோடு அதன் காந்தப் பதிவை அப்படியே நகலெடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு என்னால் பத்து, பன்னிரண்டு வட்டுகளுக்கு மேல் முடிவதில்லை. இதுவரை நகலெடுத்தவை நானூற்றுச் சொச்சம். மீதமிருப்பவை எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதை நினைத்தால் மனம் பதைக்கிறது.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டில் இடம் போதாமல் சைதாப்பேட்டையில் ஒரு தரைத்தள அறையை வாடகைக்கு எடுத்து, பதினான்கு கணினிகளை அங்கே வைத்திருந்தேன். 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரைபுரண்டு வந்தபோது அந்த அறையில் மார்பளவுக்குத் தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் கதவைத் திறந்தபோது மேல்தட்டில் இருந்த மூன்றைத் தவிர மற்ற எல்லாமே சேற்றுக்குள் கிடந்தன. அங்கிருந்த ஃபிளாப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பதற்றத்தில் பெரும்பகுதியை வெயிலில் காயவைத்தேன். சேறு வட்டோடு ஒட்டி இறுகி, உறை வளைந்து, அவ்வளவும் வீணாயிற்று. இடமில்லாமல் என் மனைவி ஒரு வாளித் தண்ணீரில் போட்டு மூடிவைத்த முப்பது வட்டுகள் மட்டும் ஈரம் காயாமல் இருந்ததால், பின்னர் வாலைவடிநீரில் அலசி நிழலில் உலர்த்தியபோது பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. நனைந்த வட்டைக் காயவிடாமல் சுத்தமான நீரிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதை, பதினொரு கணினிகளை இழந்த அந்த வாரத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

இனி, இந்தப் பொருள்கள் வந்து சேரும் வழியைப் பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுப் பழைமையான மினி கணினி (அலமாரி அளவுள்ள பழைய வகைக் கணினி) ஒன்று கழிக்கப்படுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். நான் சென்ற நாளுக்கு முந்தைய நாள்தான் எடை போட்டு ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வாசலில் அதன் பயன்பாட்டுக் கையேடுகள் கயிற்றால் கட்டிக் கிடந்தன. அவற்றை மட்டும் எடுத்துவந்தேன். அந்தக் கல்லூரியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வேறு வழி காட்டப்படவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பெரிய நிறுவனங்கள் தங்கள் மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர் அல்லது மறுசுழற்சியாளரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். ஈயமும் காட்மியமும் மண்ணில் கலக்காமல் தடுக்கும் இந்த விதி மிகவும் தேவையானது. ஆனால் கழிவு என்று முத்திரை குத்துவதற்கு முன்பு, இதில் காக்க வேண்டியது ஏதேனும் உண்டா என்று ஒருவர் பார்த்துச் சொல்லும் கட்டம் ஒன்று இருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமோ நூறு ஆண்டு பழைமையானதையும், கையெழுத்துப் படிகள் என்றால் எழுபத்தைந்து ஆண்டு பழைமையானதையும்தான் தொல்பொருள் என்கிறது. நாற்பது ஆண்டு வயதான ஒரு கணினி நூறு வயதை எட்டும்வரை காத்திருந்தால், அப்போது எஞ்சுவது துருவும் பச்சைப் பொடியும்தான்.

சேர்த்தவர் காலத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்ற கேள்வி, அறுபத்தெட்டு வயதில் இருக்கும் எனக்குத் தள்ளிப்போட முடியாதது. என் பிள்ளைகள் அன்பானவர்கள்; ஆனால் வெளியூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் அவர்களால் இந்த இரண்டு அறைச் சுமையை ஏற்க முடியாது. பணம் இருந்தால் தீர்ந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன், பழைய கணினிகளை ஓடும் நிலையிலேயே வைத்துக் காட்டும் அருங்காட்சியகத்தை அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2012-இல் பொதுமக்களுக்குத் திறந்தார். அவர் 2018-இல் மறைந்தார். 2020-இல் அது மூடப்பட்டது. 2024-இல் இனித் திறக்கப்படாது என்று அறிவிக்கப்பட்டு, அதன் சேகரிப்பில் இருந்த பொருள்கள் ஏலத்துக்குப் போயின. உலகின் பெருஞ்செல்வர்களில் ஒருவருடைய சேகரிப்புக்கே அந்தக் கதி.

இதற்கு மாறான சான்று நம் மண்ணிலேயே இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும், 1992-இல் அவர் மறைந்த பின் சிதறிப்போயிருக்கக்கூடும். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கி, நாட்டைவிட்டு எடுத்துப்போகாமல் சென்னையிலேயே ஒரு நூலகமாக நிறுவியதால், இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராயும் எவரும் அங்கே போகாமல் எழுத முடிவதில்லை. தனிமனிதரின் சேகரிப்புக்கு நிறுவனத்தின் கூரை கிடைத்ததால் நேர்ந்த நன்மை அது. காகிதத்துக்குக் கிடைத்த அந்தக் கூரை கணினிக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நான் கேட்பது அருங்காட்சியகம் அன்று. கண்ணாடிப் பெட்டியும் வண்ண விளக்கும் திறப்பு விழாவும் பின்னால் வரட்டும். முதலில் வேண்டியது ஒரு நல்ல காப்பறை. தரைத்தளத்தில் இல்லாமல், ஆற்றங்கரையிலும் கடலோரத்திலும் இல்லாமல், இயன்றால் மதுரை, திருச்சி போன்ற உள்மாவட்ட நகரம் ஒன்றில், இரண்டாயிரம் சதுர அடி போதும். இரவும் பகலும் ஈரப்பதத்தை ஒரே அளவில் நிறுத்தும் கருவிகள், மின்தடை நேர்ந்தால் தாங்கும் ஜெனரேட்டர், சுவரை ஒட்டாமல் நிறுத்திய இரும்பு அடுக்குகள், கரையானுக்கு எதிரான தரைக்காப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். வாசலிலேயே ஒரு மேசை போட்டு, வரும் ஒவ்வொரு கணினியையும் திறந்து, பேட்டரியை எடுத்து, படம் பிடித்து, ஈப்ராமில் இருப்பதை நகலெடுத்து, எங்கே யார் பயன்படுத்தியது என்பதை எழுதிக்கொண்ட பிறகே உள்ளே அனுப்ப வேண்டும். பக்கத்திலேயே ஃபிளாப்பி நகலெடுக்கும் மேசை ஒன்றும், பழைய தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் அவற்றின் பூட்டுகளையும் சேர்த்து வைக்கும் அலமாரி ஒன்றும் இருக்க வேண்டும்.

இந்தப் பொறுப்பை ஏற்கத் தகுதியான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1999 மாநாட்டின் விளைவாகப் பிறந்த தமிழ் இணையக் கல்விக்கழகம், நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் மின்னுருவாக்கிப் பொதுமக்களுக்கு வழங்கிவருகிறது. தமிழ் முதன்முதலில் மின்னுருப் பெற்ற கருவிகளையும் அது தன் பணியின் பகுதியாக ஏற்றுக்கொண்டால் மிகவும் பொருத்தமாக இருக்கும். கோட்டூர்புரத்தில் இருக்கும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் கைகொடுக்கலாம். அரசு பாலிடெக்னிக்குகளில் மின்னணுவியல் படிக்கும் மாணவர்களை ஆண்டுக்குச் சிலராவது இங்கே பயிற்சிக்கு அனுப்பினால், பழுது பார்க்கும் கைத்திறனும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேரும். என் வயதினர் இன்னும் சிலர் இருக்கிறோம். கற்றுத்தரக் கூலி கேட்கமாட்டோம்.

அதுவரை, வீட்டிலோ அலுவலகத்திலோ பழைய கணினி வைத்திருக்கும் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மழைக்காலத்துக்கு முன்பாக, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மூடியைத் திறந்து, உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்து இன்றே எடுத்துவிடுங்கள். பரணில் இருந்து இறக்கி, தரையில் இருந்து இரண்டடி உயரத்தில், வெயில் படாத உள்ளறையில், பருத்தித் துணியால் மூடி வையுங்கள். பட்டுப் புடவைக்குச் செய்வதுபோல் ஆண்டுக்கொருமுறை எடுத்துக் காற்றாட வையுங்கள். ஃபிளாப்பிகளைத் தூக்கி எறிவதற்கு முன், அதன் மேல் எழுதியிருப்பதை ஒருமுறை படியுங்கள்.

என் சேகரிப்புக்கு முழுமையான பட்டியல் தயாரித்து வைத்திருக்கிறேன். நாற்பத்து மூன்று கணினிகளில் இன்று இயங்குபவை பத்தொன்பது, பழுது நீக்கினால் இயங்கக்கூடியவை பதினைந்து, உதிரிபாகத்துக்கு மட்டும் ஆனவை ஒன்பது. எந்த வயர் எந்தக் கணினிக்கு உரியது, எதற்கு எந்த ஆண்டு கெபாசிட்டர் மாற்றினேன் என்பவையும் அதில் இருக்கின்றன. மேற்சொன்னது போன்ற காப்பறை ஒன்று அமையுமானால், எந்த விலையும் கேட்காமல், என் செலவிலேயே லாரி வைத்து இவை அனைத்தையும் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். பேட்டரிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினிப் பராமரிப்புப் பொறியாளர்,
திருவான்மியூர், சென்னை.